மயில்ரங்கத்தார் முகம்

கோயமுத்தூரிலிருந்து அவிநாசி வழியாகப் பவானி போகிற பஸ்ஸில் ஏறுகிறவர்கள் கண்டக்டர் பொங்கியண்ணனுக்கு இரண்டு பதில் சொல்லியாக வேண்டும். எந்த ஊருக்கு டிக்கெட் என்பது ஒன்று. இன்னொன்று இது:

"ஏனுங்க, உங்கூர்ல ஆரூட்லயாச்சும் மயில்ரங்கத்து வாத்தியார் படம் மாட்டியிருக்குதுங்களா?"

இல்லை என்றால் மனுஷன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். இருக்கிறது என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டாலோ தொலைந்தது. எந்த வீதி, யார் வீடு, படத்தில் தலைப்பாகை உண்டா, மீசை உண்டா, இடது காது தெரிகிறதா என்று துளைத்து எடுத்துவிடுவார். பதில் சொல்லிச் சொல்லியே இறங்கவேண்டிய ஊரைத் தாண்டிப்போய், வெயிலில் திரும்பி நடந்தவர்கள் உண்டு. வண்டியின் நெற்றியில் முதலாளி தன் பெயரை எத்தனை பெரிய எழுத்தில் எழுதி வைத்து என்ன பிரயோசனம்? ஜனங்கள் அதற்குப் 'படக்கிறுக்கன் பஸ்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

மயில்ரங்கம் கந்தப்ப வாத்தியார் என்றால் கொங்குச் சீமையில் தெரியாதவர் இல்லை. நாடகம் எழுதுவார், பையன்களுக்குப் பாடம் பண்ணிவைத்து ஆடவிடுவார், கம்பெனியையும் அவரே கட்டி மேய்த்தார். அவருடைய 'செண்பகத்தாள்' நாடகப் பாட்டைக் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்துக் கவலை ஓட்டுகிறவர்களும் பாடினார்கள், மில்லில் நூல் முடிச்சுப் போடுகிறவர்களும் பாடினார்கள். ஆனால் ஆளைப் பார்த்தவர்கள் அபூர்வம். நாடகம் நடக்கிற நேரமெல்லாம் பக்கப் படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுப்பார். ஊரே அவர் குரலைக் கேட்டிருக்கிறது, முகத்தை யார் கண்டார்கள்? கடைசியில் ஒரு பிளேக் வருஷத்தில், முகாம் போட்ட ஊரிலேயே போய்ச்சேர்ந்தார். பிளேக் கண்டவர் சாமானை வைத்திருக்கக் கூடாதென்று அவருடைய பெட்டி, படுக்கை, துணிமணி எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே போட்டுக் கொளுத்திவிட்டார்கள். பாட்டு மிஞ்சியது, முகம் மிஞ்சவில்லை.

அப்புறம் முகங்கள் முளைத்தன பாருங்கள்! காங்கயத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், குடை பிடித்த ஒரு தலைப்பாகைக்காரர் படத்தைக் காட்டி இவர்தான் வாத்தியார் என்றார். பவானியில் ஜமக்காளம் நெய்கிற ஒருவர் வீட்டில் கோட்டுப் போட்ட ஒரு தாடிக்காரர் இருந்தார், அவரும் வாத்தியார்தானாம். கோயமுத்தூர் வக்கீல் நஞ்சுண்டன் வீட்டுக் கூடத்தில் இருந்த வாத்தியாருக்கோ முறுக்கு மீசை, கையில் தடித்த புஸ்தகம், பக்கவாட்டு முகம். மூன்று பேரும் அண்ணன் தம்பி என்றுகூடச் சொல்ல முடியாது. அத்தனை வித்தியாசம்.

பொங்கியண்ணன் மூன்று படங்களுக்கும் நகல் எடுத்து வீட்டுச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தார். கவலை ஓட்டுகிறவர் மகனாகப் பிறந்து, நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். இருந்தாலும் அந்த மூன்று படங்களைப் பற்றி அவரிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் கிடையாது. தாடிக்காரர் போட்டிருக்கிற கோட்டிலும் மீசைக்காரர் கோட்டிலும் மேலிருந்து இரண்டாவது பித்தான் இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். ஸ்டுடியோவில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் மாட்டிவிடுகிற கோட்டு அது. கோட்டையும் புஸ்தகத்தையும் பார்த்து வாத்தியார் என்று ஜனங்கள் நம்பிவிட்டார்கள்.

"மூணு கெழவனுங்களுக்கும் நாந்தான் தெனமும் தூசி தட்டோணும்" என்பாள் அவர் மனைவி வள்ளியாத்தாள். "ஏனுங்க, இதுல நெசமான ஆளு ஆருன்னு தெரிஞ்சா மத்த ரெண்டு பேரையாச்சும் எறக்கிப்போடலாமல்லோ?"

"மூணு பேருமே இல்லை புள்ளே. மூணு பேருமே பொய்யி."

"அப்பறம் எதுக்குங்க பொய்யிக்குத் தூசி தட்டறது?"

"நெசம் கெடைக்கற வரைக்கும் பொய்யைக் கண்ணு முன்னாலயே வெச்சிருக்கோணும். இல்லைன்னா மறந்துபோயிரும்."

இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்பதை அவர் வள்ளியாத்தாளுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது, தாய் செத்துச் சில மாசத்தில், அப்பன் அவரை அவிநாசித் தேர் நோம்பித் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். தேர் பாதி வீதி வந்தபோது ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் சிதறி ஓடினதில் அப்பன் கை விட்டுப்போயிற்று. அழுது அழுது நாடகக் கொட்டகையின் பின்பக்கம் போய், சாக்குப் படுதாவுக்குக் கீழே சுருண்டு கிடந்தான் பையன். விடியப்போகிற நேரத்தில் யாரோ குனிந்து அவனைத் தூக்கினார்கள். கண்ணைத் திறக்க முடியவில்லை, அத்தனை அழுகை, அத்தனை தூக்கம். வளையல் குலுங்குகிற சத்தம் மட்டும் காதருகில் கேட்டது. சேலை வாசமும் பூ வாசமும் வந்தன. அம்மாதான் வந்துவிட்டாள் என்று அவன் அந்தத் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "அழுகாத கண்ணு, விடிஞ்சதும் உங்கப்பன் வந்துருவான்" என்று ஒரு குரல் சொன்னது. அது ஆண் குரல்.

விடிந்து பார்த்தால் மேலே ஒரு சால்வை போர்த்தியிருந்தது. "அது வாத்தியார் சால்வை, கொண்டா இங்கே" என்று கொட்டகை ஆள் ஒருவன் பிடுங்கிக்கொண்டு போனான். அதனால் குரல் வாத்தியாருடையது என்று பையனுக்குத் தெரிந்துபோயிற்று. வளையல் யாருடையது? ராத்திரி அம்மா வந்தாள் என்று அப்பனிடம் சொன்னான். அப்பன் தலைத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அப்படியெல்லாம் பேசாதே சாமி என்றான். அதற்கப்புறம் பொங்கியண்ணன் வளையலைப் பற்றிப் பேசவில்லை. கனவு என்று விட்டுவிட்டார். குரல் கனவில்லை அல்லவா? அந்தக் குரலுக்கு ஒரு முகம் இருந்திருக்க வேண்டும். சாகிறதற்குள் அந்த முகத்தை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போது கோயமுத்தூர் நாடக அபிமானிகள் சபை புதிதாக ஒரு கொட்டகை கட்டி முடித்தது. சபைத் தலைவர் சாட்சாத் வக்கீல் நஞ்சுண்டனேதான். சித்திரை பிறந்ததும் திறப்பு விழா, மேடைக்கு நேர் மேலே மயில்ரங்கத்தார் திருவுருவப்படம் திறந்து வைக்கப்படும் என்று வீதியெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். எந்தப் படம்? வக்கீல் வீட்டு முறுக்கு மீசைதான், வேறெது?

பொங்கியண்ணன் காக்கிச் சட்டையோடேயே வக்கீல் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"ஏனுங்க வக்கீலய்யா, அது வாத்தியார் இல்லைங்க. ஸ்டுடியோ கோட்டு மாட்டின வேற ஆரோங்க."

வக்கீல் கெட்டவர் இல்லை. கொட்டகைக்குத் தன் கைக்காசையும் போட்டவர், செண்பகத்தாள் பாட்டைக் கேட்டால் கண் கலங்குகிறவர். "எங்கப்பா காலத்துல இருந்து இந்தப் படம் எங்க ஊட்ல வாத்தியார்னு இருக்குதப்பா" என்றார். "இல்லைங்கறதுக்கு உன்கிட்ட என்ன ருசு? வேற படம் இருந்தாக் கொண்டா. பார்க்கறேன். வெறுங்கையோட வந்து இல்லை இல்லைன்னா எப்பிடி?"

வெறுங்கைதான். அதற்கு என்ன செய்வது? ஒரு கொட்டகையில் மேடைக்கு மேலே ஒரு முகத்தை மாட்டிவிட்டால் அப்புறம் அதுதான் முகம். புஸ்தகத்தில் அதைப் போடுவார்கள், காலண்டரில் அதைப் போடுவார்கள், பிறக்கப்போகிற பிள்ளைகள் அதைப் பார்த்துக் கும்பிடும். நிஜமான முகம் எங்கேயாவது ஒரு மூலையில் இருந்தாலும் யாரும் தேடமாட்டார்கள். சித்திரைக்குள் கொண்டுவந்து இந்த ஆள் முன்னால் வைக்கவில்லை என்றால் நான் பொங்கியண்ணன் இல்லை என்று படியிறங்கும்போதே கறுவிக்கொண்டார்.

வாத்தியாரைக் கண்ணால் கண்டவர் என்று அவர் அறிய ஒரே ஒருவர்தான் உயிரோடு இருந்தார். மாசாணம் என்று பேர். கம்பெனியில் படுதா இழுத்தவர், இப்போது உக்கடத்துப் பக்கம் மகளோடு இருந்தார். இடது காது விஷயத்தைச் சொன்னவர் அவர்தான். சின்ன வயசில் மாட்டுச் சந்தையில் எவனோ ஒரு திருட்டுப்பயல் வாத்தியார் காதுக் கடுக்கனைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவிட்டானாம். காது மடல் கிழிந்து இரண்டாகத் தொங்கியது, கடைசி வரை ஒட்டவே இல்லை. அந்த மூன்று படத்திலும் பாருங்கள், ஒருவருக்குத் தலைப்பாகை காதை மூடியிருந்தது, ஒருவருக்குத் தலைமயிர் மூடியிருந்தது, மூன்றாமவர் வலது பக்கம் காட்டி உட்கார்ந்திருந்தார். மூன்று பேரும் பேசிவைத்துக்கொண்டு வந்த மாதிரி!

அன்றிலிருந்து எந்த வீட்டுச் சுவரில் எந்தப் படத்தைக் கண்டாலும் பொங்கியண்ணன் கண் முதலில் இடது காதுக்குத்தான் போகும். கல்யாணப் படமோ சாவுப் படமோ, ராஜா படமோ, அதெல்லாம் கணக்கில்லை. காது.

மாசி மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, செங்கப்பள்ளி தாண்டினதும் வண்டி கொதித்துப்போய் நின்றுவிட்டது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும். பொங்கியண்ணன் தகர டின்னை எடுத்துக்கொண்டு ரோட்டோரத்துத் தோட்டத்து வீட்டுக்குப் போனார். அது பாவாத்தாள் வீடு. புருஷன் போனபின் பருத்தி, புகையிலை, ஆள்மாடு எல்லாவற்றையும் ஒண்டியாகப் பார்த்துக்கொள்கிற அம்மாள். தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "இருங்க, இன்னிக்குப் பூசை, ஒரு வாய் பொங்கல் வாங்கிட்டுப் போங்க" என்று மரியாதையாகச் சொல்லி உள்ளே கூப்பிட்டாள்.

கூடத்துச் சுவரில் ஒரு படம். அதன் முன்னால் விளக்கு, ஒரு புதுச் சேலை, தேங்காய் பழம். படத்தில் ஒரு இளம் பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கை நிறைய வளையல், தலை நிறையப் பூ. கண்ணாடி மேலேயே நெற்றிக்கு நேராகப் பெரிய குங்குமப் பொட்டு. பொங்கியண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். பழக்க தோஷத்தில் கண் இடது காதுக்குப் போயிற்று.

மடல் கிழிந்து இரண்டாக இருந்தது. தோட்டை மடலில் மாட்ட முடியாமல் நூல் கட்டிக் காதுக்கு மேலே சுற்றித் தொங்கவிட்டிருந்தார்கள்.

டின் கீழே விழுந்து கூடமெல்லாம் தண்ணீர் ஓடியது.

"அம்மணி, இது... இது ஆருங்க?"

"எங்கூட்டுக் கன்னிங்க. என்ற மாமனாருக்கு அக்கா. கண்ணாலம் ஆகறதுக்கு முன்னாலயே போயிட்டாங்க. வருசா வருசம் சேலை வெச்சுக் கும்பிடறமுங்க." தண்ணீரைத் துடைக்கத் துணி எடுத்துக்கொண்டே பாவாத்தாள் சொன்னாள். "படம் இருக்கறதே எங்களுக்குத் தெரியாதுங்க. மாமனார் போனப்பறம் கன்னிக்குச் சேலை வைக்கற பொட்டியைத் தெறந்தா, சேலைக்கு அடியில பட்டுத்துணியில சுத்தி வெச்சிருந்தாரு. அக்கா மேல அத்தனை பாசம்."

ஒரு நல்ல மனுஷனாக இருந்தால் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு வந்திருப்பான். பொங்கியண்ணனுக்கு அதெல்லாம் வராது.

"அம்மணி, இது பொம்பளையே இல்லைங்க! மயில்ரங்கத்து வாத்தியாருங்க! பொம்பளை வேசம் கட்டியிருக்காருங்க!"

பாவாத்தாள் நிமிர்ந்தாள். அதுவரை வாய் நிறைய இருந்த மரியாதை எங்கே போனதென்று தெரியவில்லை.

"என்னது? வண்டிக்குத் தண்ணி கேட்டு வந்தவன், எங்கூட்டுச் சாமியை ஆம்பளைங்கறியா? விளக்கு எரியுதேன்னு பார்க்கறேன். இல்லைன்னா என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது. போ வெளியில!"

அதற்குள் ரோட்டில் டிரைவர் ஹாரனை அமுக்க ஆரம்பித்துவிட்டான். பொங்கியண்ணன் பொங்கலும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் ஓடிவந்தார். அதற்குள் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் டிரைவரே தண்ணீர் மொண்டு வண்டிக்கு ஊற்றியிருந்தான். இவர் முகத்தைப் பார்த்து என்னங்க என்னங்க என்று பிரயாணிகள் கேட்டார்கள். அன்றைக்கு மட்டும் அவர் யாரிடமும் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை.

மறுநாள் வண்டி கொதிக்கவில்லை. இருந்தாலும் அதே இடத்தில் நின்றது. பொங்கியண்ணன் இறங்கி வேலிப் படலுக்கு வெளியே நின்று, "அம்மணி, நேத்துப் பேசினது தப்புங்க. மன்னிச்சுப்போடுங்க. ஆனா அது வாத்தியாருதானுங்க" என்று கத்திவிட்டு வந்து ஏறிக்கொண்டார். அதற்கு மறுநாளும் நின்றது. அதற்கும் மறுநாள். "மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிப்போட்டு மறுபடியும் அதையே சொன்னா அதென்னங்க மன்னிப்பு?" என்று டிரைவர் கேட்டான். இவர் டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார். நாய் இரண்டு தடவை துரத்தியது. பண்ணையாள் ஒருவன் சாட்டையோடு வந்து நின்றான். வீட்டில் வள்ளியாத்தாள், "அடி வாங்கிக்கிட்டுத்தான் ஊடு வந்து சேருவீங்களாட்ட இருக்குது. சித்தெ சும்மா இருங்களேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சித்திரை நெருங்கிக்கொண்டே இருந்தது. அவர் விடவில்லை. ஒரே வார்த்தைதான்: "மாசாணத்தைக் கூட்டிட்டு வாரேனுங்க. அவர் ஒரு தரம் பார்க்கட்டுமுங்க. இல்லைன்னு அவர் சொல்லிட்டா, இந்த ரோட்ல தலை காட்ட மாட்டேனுங்க."

பங்குனி பாதியில் ஒருநாள் வண்டி நிற்கிறதற்கு முன்னாலேயே பாவாத்தாள் ரோட்டில் வந்து நின்றிருந்தாள். பொங்கியண்ணனுக்குக் கால் ஒரு அடி பின்னால் போயிற்று.

"நானும் ரோசனை பண்ணிப் பார்த்தனுங்க" என்றாள். மரியாதை திரும்பி வந்திருந்தது. "எங்க கன்னிக்குக் காது அறுந்த கதையை ஒருத்தரும் சொன்னதில்லைங்க. அதுவும் போகட்டும். அவங்க போன காலத்துல இந்தப் பக்கத்துக்கே போட்டோப் பொட்டி வரலைங்களே! இத்தனை வருசமா ஒருத்தருக்கும் இது தோணலை பாருங்க. மாமனாரு பாசத்துல ஒளிச்சு வெச்சாருன்னு நெனைச்சோம். நாடகப் பைத்தியத்துல இல்ல ஒளிச்சு வெச்சிருக்காரு." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அந்தப் படுதாக்காரரைக் கூட்டிட்டு வாங்க. தெரிஞ்சே போகட்டும்."

அடுத்த நடைக்கே மாசாணத்தை முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டி வந்தார் பொங்கியண்ணன். மாசாணம் வாசலோடு நின்றுகொண்டார். அந்த வீட்டுக் கூடத்துக்குள் அவரை விடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும், அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். பாவாத்தாள் ஒரு நிமிஷம் நிலைப்படியில் நின்றாள். வந்த நாளிலிருந்து அந்தப் படம் படி தாண்டினதில்லை. அப்புறம் உள்ளே போய் அதைத் தானே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, வெயிலில் அவர் முன்னால் பிடித்தாள்.

மாசாணம் பார்த்தார். வாய் கோணியது. அப்புறம் பெருங்குரலெடுத்துச் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார்.

"அட வாத்தியாரே! இங்க வந்து பொட்டு வெச்சுக்கிட்டா உக்காந்திருக்கீங்க? நாங்க எங்கெல்லாம் தேடறோம், நீங்க சேலை வாங்கிக்கிட்டுச் சோக்கா இருக்கீங்களே!" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இவரேதானுங்க. வயசுல இவரு கட்டாத பொம்பளை வேசம் இல்லைங்க. என்னையப் பக்கத்துல உக்கார வெச்சுச் சோறு போட்ட மகராசனுங்க. எனக்குத் தெரியாதுங்களா இந்த மொகம்?"

"இத்தனை நாளா இந்தப் பொம்பளை வேசத்தைப் பத்தி நீங்க சொல்லவே இல்லையேய்யா!" என்று கத்தினார் பொங்கியண்ணன்.

"நீங்க காதைப் பத்தியும் தலைப்பாகையைப் பத்தியுந்தானே கேட்டீங்க? அவரு மீசையே வெச்சதில்லைங்க. எப்ப எந்தப் பையனுக்குக் காய்ச்சல் வருமோ, எப்ப வேசம் கட்டோணுமோன்னு மழிச்சே வெச்சிருப்பாரு. கடைசியா அவிநாசித் தேர் நோம்பியிலகூடக் கட்டினாருங்க. செண்பகத்தாள் கட்டற பையன் படுத்துக்கிட்டான். இவரே சேலையைச் சுத்திக்கிட்டு விடிய விடிய ஆடினாரு."

பொங்கியண்ணன் ஒரு அடி முன்னால் வந்தார். "எந்த வருசமுங்க?"

"ஆலங்கட்டி மழை பேஞ்ச வருசம். நல்லா ஞாபகம் இருக்குதுங்க, கொட்டகைக் கீத்தெல்லாம் பொத்தல் பொத்தலாப் போச்சு. எந்தக் கொழந்தையோ வழி தப்பிப் படுதாவுக்கடியில கெடந்து அழுதுது. வேசத்தைக்கூடக் கலைக்காம ஓடிப்போய்த் தோள்ல தூக்கிப்போட்டுக்கிட்டாரு."

பொங்கியண்ணன் காக்கிச் சட்டையோடு அந்த வாசல் மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வளையலும் ஒருவர்தான், குரலும் ஒருவர்தான். அப்பனை அழவைத்துவிட்டோமே என்று இத்தனை காலம் மனசுக்குள் அடக்கி வைத்திருந்த அந்த ராத்திரி கனவில்லை. அவர் பாவாத்தாள் கையில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார். கிழிந்த காதையல்ல, முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் பெரிய கண். கேலியாகச் சிரிக்கப்போகிற உதடு. நல்ல முகம். ஆசை தீர அழுதார்.

"அழுகாதீங்க" என்றாள் பாவாத்தாள். "படத்தை நான் குடுக்க மாட்டேனுங்க. அதை இப்பவே சொல்லிப்போடறேன். கன்னியோ வாத்தியாரோ, கஷ்டம் வந்தப்பெல்லாம் இந்த மொகத்துக்கிட்டத்தான் போய் நின்னேன். மேனேஜரு வேற ஆளுன்னு தெரிஞ்சதுக்காக மில்லை மூடிப்போட முடியுங்களா? வேணும்னா போட்டோக்காரரைக் கூட்டிட்டு வந்து நகல் எடுத்துக்கோங்க. ஆனா அந்தப் பொட்டை அழிக்கக் கூடாது."

அப்படியே ஆயிற்று. பொட்டோடேயே நகல் எடுத்து, சட்டம் போட்டு, மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பொங்கியண்ணன் வக்கீல் வீட்டுக்குப் போனார். கூடவே மாசாணமும் வந்து நடந்ததையெல்லாம் சொன்னார். வக்கீல் பொறுமையாகத்தான் கேட்டார். பொம்பளை வேஷம் என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

"நிறுத்தப்பா. துணியைப் பிரிக்கவே வேண்டாம். எத்தனை பெரிய மனுஷர் வருவாங்க திறப்பு விழாவுக்கு! வாத்தியாரைச் சேலை கட்டி மேடைக்கு மேல உக்கார வெச்சா ஊர் சிரிக்காதா?"

"ஊரைச் சிரிக்க வைக்கறதுதானுங்களே அவரு தொழிலு!"

"நெசமாவே இருக்கட்டும்னு வெச்சுக்குவோம். எல்லா நெசத்தையும் மாட்டோணும்னு இருக்குதா?"

"இருக்குதுங்க" என்றார் பொங்கியண்ணன். "வேற படம் இருந்தாக் கொண்டா, பார்க்கறேன்னு சொன்னீங்க. கொண்டாந்திருக்கறேன். பார்க்கக்கூட மாட்டேங்கறீங்க. நான் கடனுக்கா வந்து நிக்கறேன்? ஒரு தரம் பாருங்கன்னுதானுங்களே கேக்கறேன்?"

வக்கீல் பார்க்கவில்லை. சித்திரையில் முறுக்கு மீசைக்காரர் மேடைக்கு மேலே ஏறிவிட்டார். நாதஸ்வரம் வாசித்தார்கள், பன்னீர் தெளித்தார்கள், அவர் யாரென்றே தெரியாமல் எல்லாரும் அவருக்கு மாலை போட்டார்கள். அதே நாள் சாயங்காலம் பொங்கியண்ணன் வீட்டுச் சுவரிலிருந்து மூன்று பேரையும் இறக்கினார். "அப்பாடா" என்றாள் வள்ளியாத்தாள். "புதுப்படத்தை எங்கீங்க மாட்டப்போறீங்க?"

"இங்க மாட்டினா ஆரு பார்ப்பா? நீயும் நானுந்தான்" என்றார் அவர். "அவங்க கொட்டகைக்கு வாரத்துக்கு ரெண்டு நாள்தான் சனம் வரும். என்ற கொட்டகைக்குத் தெனமும் வரும்."

மறுநாள் காலை பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேலே, பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில், வாத்தியார் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பொட்டு, கழுத்தில் மல்லிகைச் சரம். ஏதோ அம்மன் என்று முதலாளி விட்டுவிட்டார். ஏறுகிறவர்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "எந்த ஊர் அம்மனுங்க?" என்று யாராவது கேட்டால் போதும், பொங்கியண்ணன் ஆரம்பித்துவிடுவார். கேட்டவர் அவிநாசியில் இறங்குகிறவராக இருந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும், மீதிக்கு இன்னொரு நாள் அந்த பஸ்ஸில்தான் வர வேண்டும். செங்கப்பள்ளித் தோட்டத்து வீட்டுக்கு முன்னால் வண்டி தினமும் நின்றது. தண்ணீருக்கு என்று டிரைவர் சொல்லிக்கொண்டான்.

ஆடி மாசத்தில் வக்கீல் நஞ்சுண்டனுடைய கார் ரிப்பேராகிவிட்டது. அவிநாசியில் அவசரமான வழக்கு. வேறு வழியில்லாமல் பஸ்ஸுக்கு வந்தார். அவரைப் பார்த்ததும் பொங்கியண்ணன் முன்சீட்டைத் துண்டால் தட்டிவிட்டு உட்காரவைத்தார். வண்டி கிளம்புகிறதற்கு முன் வழக்கம்போல டிரைவர் சாமி படங்களுக்குக் கற்பூரம் காட்டினான். வக்கீல் எழுந்து நின்றார். கேஸ் ஜெயிக்க வேண்டும் அல்லவா? பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, முருகனுக்கு ஒரு கும்பிடு, நடுவில் இருந்த பொட்டு வைத்த முகத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் ஒரு கும்பிடு.

"அழகான முகம்" என்றார் உட்கார்ந்துகொண்டே. "என்ன ஒரு களை! எந்த அம்மன் கண்டக்டரே?"

பின்சீட்டு வரைக்கும் எல்லாருக்கும் பதில் தெரியும். பஸ் முழுக்கக் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. பொங்கியண்ணன் டிக்கெட்டைக் கிழித்து அவர் கையில் கொடுத்தார்.

"மயில்ரங்கம் கந்தப்ப வாத்தியாருங்க" என்றார். "அன்னிக்குத் துணியைப் பிரிக்க வேண்டாம்னீங்க. இன்னிக்கு நீங்களே கும்பிட்டுப்போட்டீங்க. எனக்கு அது போதுமுங்க." மணிக்கயிற்றை எட்டி இழுத்தார். "போலாம், ரைட்!"